சமாதானம் செய்வோராய் வாழ்வோம்

(பங்கின் பொன்விழா முந்நாள் தியானத்தின் இரண்டாம் நாள் மாலையில், பங்குப் பேரவையின் சார்பில் ஆற்றிய உரை)



பேரவையின் சார்பில் பேச வந்திருக்கும் நாங்கள் இறையியல் கற்றவர்கள் அல்லர். உங்களைப்போல் வயலிலும் கடையிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் உழைத்துப் பிழைக்கிறவர்கள். உங்களைப்போல் வீட்டிலும் தெருவிலும் சண்டை போடுகிறவர்கள். ஆகவே, 'சமாதானம் செய்வோர்' என்ற பொருளில் பேசுங்கள் என்று பங்குத் தந்தை பணித்தபோது, முதலில் எங்களுக்கு வெட்கமே உண்டாயிற்று. பிறகு, தவறியவர்கள் தவறியதைச் சொன்னாலும் அது பிறருக்குப் பயன்படும் என்று துணிந்து வந்தோம்.

மலைப்பொழிவில் நம் ஆண்டவர் பேறுபெற்றோர் என்று வாழ்த்திய வரிசையில் சமாதானம் செய்வோர் ஏழாவதாக வருகிறார்கள். மற்றவர்களுக்கு விண்ணரசையும் ஆறுதலையும் இரக்கத்தையும் வாக்களித்த ஆண்டவர், இவர்களுக்குக் கடவுளின் மக்கள் என்ற பெயரையே தந்துவிடுகிறார். பிள்ளையைப் பார்த்து, "இவன் இன்னார் மகன் அல்லவா? அப்பனை உரித்து வைத்திருக்கிறான்" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். சமாதானம் செய்கிறவரிடம் விண்ணகத் தந்தையின் சாயல் தெரியும் என்பதே ஆண்டவரின் கருத்து. ஏனெனில் நாம் அவரைத் தேடிப் போகும் முன்னே, நம்மைத் தேடி வந்தவர் அவரே. ஊதாரி மகன் தொலைவில் வரும்போதே ஓடிச் சென்று கட்டிக்கொண்ட தகப்பனின் கதை நமக்குத் தெரியாததா?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமாதானத்தை விரும்புவோர் பேறுபெற்றோர் என்று ஆண்டவர் கூறவில்லை; விரும்பாதவர் யார்? சும்மா இருப்போர் பேறுபெற்றோர் என்றும் கூறவில்லை. சமாதானம் 'செய்வோர்' என்றார். செய்வது என்றால் அது வேலை. வேலை என்றால் எழுந்து நடக்க வேண்டும். இன்றைய உரையில் நாங்கள் சொல்ல விரும்புவது இது ஒன்றே: சமாதானம் செய்கிறவர் யார் என்றால், மற்றவர் வரட்டும் என்று காத்திராமல் முதலில் நடக்கிறவர்.

பொன்விழா நேரத்தில் இதை நினைப்பது பொருத்தமானது. விழாவுக்கு வெள்ளையடிப்பதும், தோரணம் கட்டுவதும், மலர் வெளியிடுவதும் நல்லவையே. ஆனால் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடும் வழக்கத்துக்கு வேர் எங்கே இருக்கிறது? பழைய ஏற்பாட்டில், லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரத்தில். அங்கே ஐம்பதாம் ஆண்டு வந்ததும் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். வறுமையால் அடிமைப்பட்டவன் விடுதலையாகித் தன் வீடு திரும்ப வேண்டும். அந்த ஆண்டை அறிவிக்கும் எக்காளம் எந்த நாளில் முழங்கியது தெரியுமா? ஏழாம் மாதத்தின் பத்தாம் நாளில். அதாவது மக்கள் தங்கள் பாவங்களுக்காக நோன்பிருந்த பாவப்பரிகார நாளில். முதலில் மன்னிப்பு, பிறகு எக்காளம். இந்த வரிசையை நாம் மாற்றிவிடலாகாது.

எக்காளத்துக்கு நாம் தயார்தான். மன்னிப்புக்குத் தயாரா? இதைக் கேட்க எங்களுக்குத் தகுதி இல்லை என்றாலும், எங்களுக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்டவர்கள் பெயர் குறிப்பிடாமல் சொல்லலாம் என்று அனுமதி தந்திருக்கிறார்கள்.

விழா ஏற்பாடுகளின் தொடக்கத்தில் பேரவையினர் வீடுதோறும் சென்று சந்தித்தோம். அவற்றுள் இரண்டு வீடுகள் அண்ணன் தம்பி வீடுகள். பாகப்பிரிவினையில் கிணற்றுக்குச் செல்லும் பாதை யாருக்கு என்பதில் தொடங்கிய தகராறு. பதினோரு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் முதல் பூசைக்கு வருவார். தம்பி இரண்டாம் பூசைக்கு வருவார். பெற்ற தாயை அடக்கம் செய்த நாளிலும் ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டு, ஆளுக்கொரு வழியாகத் திரும்பினார்கள்.

பொன்விழாவுக்குள் இவர்களைச் சேர்த்து வைத்துவிட வேண்டும் என்று எங்களுக்கு ஆர்வம். ஏழு பேர் சேர்ந்து ஒருநாள் மாலை அண்ணன் வீட்டுக்குப் போனோம். ஏழு பேர் ஒரு வீட்டு வாசலில் நின்றால் தெரு சும்மா இருக்குமா? அக்கம்பக்கத்தார் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "இத்தனை பேர் திரண்டு வந்து என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்களா?" என்றார். எங்களுள் ஒருவர், "நல்லது சொல்ல வந்தால் இப்படியா பேசுவது?" என்று குரலை உயர்த்தினார். போன காரியம் கெட்டது. சமாதானம் செய்யப் போய், இன்னொரு மனக்கசப்பை உண்டாக்கிவிட்டுத் திரும்பினோம்.

அன்றிரவு வெட்கத்தோடு நற்செய்தியைத் திறந்தோம். மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இதற்கு முறை வகுத்திருக்கிறார். உன் சகோதரன் தவறு செய்தால் முதலில் நீ தனியாகப் போ. அவன் கேளாவிட்டால் ஒருவர் இருவரை அழைத்துக்கொள். அதற்கும் இணங்காவிட்டால்தான் சபைக்குச் சொல். எத்தனை முறை வாசிக்கக் கேட்டிருக்கிறோம்! நாங்கள் செய்தது தலைகீழ். முதலிலேயே சபையைக் கூட்டிக்கொண்டு போனோம். தனிமையில் ஒருவனிடம் குறையைச் சொன்னால் அவன் மானம் காப்பாற்றப்படுகிறது. தெருவில் சொன்னால் அவன் தன் மானத்துக்காகவாவது சண்டையைத் தொடர்ந்தாக வேண்டியிருக்கிறது. மனித உள்ளத்தை நம் ஆண்டவர் எவ்வளவு நன்றாய் அறிந்திருக்கிறார்!

பிறகு எங்களுள் வயதில் மூத்தவர் ஒருவர் மட்டும் போகத் தொடங்கினார். முதல் நாள் போனது மன்னிப்புக் கேட்க. "அன்று கூட்டமாக வந்தது எங்கள் தவறு" என்று சொல்ல. அதன்பின் பல நாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசிவிட்டு வருவார். தம்பி வீட்டுக்கும் அப்படியே. இங்கே கேட்டதை அங்கே சொன்னதில்லை. அங்கே கேட்டதை இங்கே சொன்னதில்லை. ஒருநாள் அண்ணன் தாமாகவே, "அவன் வந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லப் போகிறேன்?" என்றார். மறுவாரம் தம்பி, "அண்ணன் ஒரு வார்த்தை கூப்பிட்டால் போகமாட்டேனா?" என்றார். பாருங்கள்! இரண்டு கதவுகளும் திறந்தே இருந்தன. நடப்பதற்குத்தான் ஆள் இல்லை. இரண்டு வாசல்களுக்கும் இடையே இருபது அடி தூரம் இருக்குமா? அந்த இருபது அடியைக் கடக்கப் பதினோரு ஆண்டுகள் போதவில்லை.

தம்பியின் மகளுக்குப் புதுநன்மை வந்தது. அதற்கு முந்தின இரவு தம்பி தனியாக நடந்தார். என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று எண்ணிப் போனாராம். வாசலில் நின்றபோது, "அண்ணே, நாளைக்குப் பிள்ளைக்குப் புதுநன்மை" என்பது மட்டுமே வாயில் வந்தது. அண்ணன், "உள்ளே வா. சாப்பிட்டாயா?" என்றார். அவ்வளவுதான்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். பாதை விவகாரம் இன்னும் முடியவில்லை. சர்வேயர் வந்து அளக்க வேண்டியிருக்கிறது. ஆனால் இன்று அது நிலத்தைப் பற்றிய வழக்கு மட்டுமே. அண்ணன் தம்பி இருவரும் ஒரே பூசைக்கு வருகிறார்கள்.

அன்பர்களே, நாம் பூசைக்கு வருவதற்கும் இந்த இருபது அடிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. காணிக்கையோடு பீடத்தின் முன் நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகிவிட்டு வா என்று ஆண்டவர் கட்டளையிட்டார். 'உனக்கு அவன்மேல்' என்று சொல்லவில்லை; 'அவனுக்கு உன்மேல்' என்றார். நியாயம் யார் பக்கம் என்று கேட்கவில்லை. யாருக்கு நினைவு வந்ததோ அவர் நடக்க வேண்டும்.

தொடக்கத் திருச்சபை இதை உயிராய் மதித்தது. திருத்தூதர்களின் போதனை என்று வழங்கும் மிகப் பழைய ஏடு ஒன்று, சண்டையில் இருப்பவர்கள் சமாதானமாகும்வரை அப்பம் பிட்கும் கூட்டத்தில் சேரலாகாது என்று விதிக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த வேதசாட்சி புனித ஜஸ்டின், விசுவாசிகள் ஒருவரையொருவர் முத்தமிட்டு வாழ்த்திய பிறகே அப்பமும் இரசமும் கொண்டுவரப்பட்டன என்று எழுதி வைத்திருக்கிறார். காலப்போக்கில் அந்த வாழ்த்து பீடத்தைச் சுற்றியிருந்த குருக்களோடு நின்றுவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த புதிய திருப்பலி முறையிலேயே அது மீண்டும் மக்கள் அனைவருக்கும் உரியதாயிற்று.

நம் நாட்டு ஆயர்கள் கேட்டுக்கொண்டபடி 1969-இல் உரோமை இசைவு அளித்த பன்னிரண்டு மாற்றங்களுள், இந்தச் சமாதான வாழ்த்தைக் கைகூப்பித் தெரிவிக்கலாம் என்பதும் ஒன்று. கைகூப்புவது நமக்குப் பழகிப்போன செயல்; பழகிப்போனதாலேயே அதன் பொருளை மறந்துவிடுகிறோம். கூப்பிய கையில் ஆயுதம் பிடிக்க முடியாது. கூப்பிய கையால் யாரையும் சுட்டிக்காட்டிக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை, யாரென்று பாராமலே தலையை ஆட்டிவிட்டு முடித்துக்கொள்கிறோம். யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கிறார். கோவிலில் தொடங்கிய அந்த வாழ்த்து அவர் வாசலில் போய் முடியாவிட்டால், அது பாதி வழியில் நின்றுபோன வாழ்த்தே.

'நாங்கள் குடும்பஸ்தர்கள், எங்களுக்கு எத்தனையோ தொல்லைகள். ஊரைச் சமாதானம் செய்வதெல்லாம் குருக்களும் துறவிகளும் பார்த்துக்கொள்ளட்டும்' என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்காகச் சுவிட்சர்லாந்து நாட்டு ஃபுளூவே நிக்கொலாஸ் என்ற புனிதரை நினைவூட்டுகிறோம். 1417-இல் பிறந்த அவர் ஒரு விவசாயி. படைவீரராகவும் நீதிபதியாகவும் பணியாற்றியவர். பத்துப் பிள்ளைகளின் தகப்பன். ஐம்பது வயதில், 1467-இல், மனைவி தொரொத்தேயாவின் சம்மதத்தோடு, தம் வீட்டிலிருந்து சிறிது தூரத்திலேயே இருந்த ரான்ஃப்ட் என்னும் பள்ளத்தாக்கில் தனிமையில் செபிக்கச் சென்றார்.

1481 டிசம்பரில் அந்நாட்டின் மாநிலங்கள் ஸ்டான்ஸ் என்ற ஊரில் கூடின. போரில் கிடைத்த பொருளைப் பங்கிடுவதிலும், ஃபிரைபூர்க், சோலோத்தூர்ன் என்னும் இரு நகரங்களைக் கூட்டமைப்பில் சேர்ப்பதிலும் நகரத்தாருக்கும் நாட்டுப்புறத்தாருக்கும் கடும் பிணக்கு. பேச்சு முறிந்தது. பிரதிநிதிகள் ஊர் திரும்ப ஆயத்தமானார்கள். அடுத்தது உள்நாட்டுப் போர்தான் என்ற நிலை. அப்போது அவ்வூர்ப் பங்குக் குரு என்ன செய்தார்? குளிர்காலத்து இரவில் மலைப்பாதையில் நிக்கொலாசிடம் சென்றார். அவர் சொன்ன அறிவுரையைக் கேட்டுக்கொண்டு வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். பிரதிநிதிகள் தங்கியிருந்த விடுதி விடுதியாகச் சென்று, கண்ணீரோடு மன்றாடி, இன்னொரு முறை கூடும்படி அழைத்தார். அவர்கள் கூடினார்கள். சில மணி நேரத்தில் உடன்பாடு பிறந்தது. டிசம்பர் 22-ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

நிக்கொலாஸ் சொல்லி அனுப்பிய வார்த்தைகள் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அதுவும் நல்லதே. அந்த மந்திர வார்த்தை என்ன என்று நாம் தேடிக்கொண்டிருப்போம். அந்த நாட்டைக் காத்தவை ஒரு குடும்பத் தலைவரின் நீண்ட செபமும், ஒரு பங்குக் குருவின் இரவு நடையும். 1947-இல் நிக்கொலாசைத் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் புனிதர் என்று அறிவித்தார். நடந்த குருவை இன்று பலருக்கும் தெரியாது. சமாதானம் செய்கிறவருக்கு இந்த உலகில் பெரும்பாலும் அதுதான் கூலி.

இப்போது சற்றுக் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டும். சண்டை இல்லாததெல்லாம் சமாதானம் ஆகிவிடாது. காயத்தைக் கழுவாமல் மேலே துணியைச் சுற்றிவிட்டு எல்லாம் நலம் என்று சொன்னவர்களை எரேமியா இறைவாக்கினர் கடுமையாகக் கண்டித்தார். நம் தமிழ் மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டபோது, சாதிக்கொரு பக்கமாக மக்கள் பிரிந்து நின்று பூசை காணும்படி இரண்டு பிரிவுகளாக அமைத்து, நடுவில் தடுப்பும் வைத்தார்கள். ஒரே பீடம், ஒரே பலி. ஆனால் நடுவிலே சுவர். சச்சரவு வராமல் இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடுதான் அது. வெளிக்கு அமைதி போலத் தோன்றியது. 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்தது தவறு என்று வழக்குத் தொடுத்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றார்கள், தோற்றார்கள்.

எருசலேம் ஆலயத்திலும் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. புற இனத்தார் அதைத் தாண்டி உள்ளே வந்தால் சாவுதான் என்று எழுதிய கல் 1871-இல் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. கிறிஸ்து இரு இனத்தாரையும் பிரித்து நின்ற சுவரைத் தம் உடலில் தகர்த்தார், அவரே நம் சமாதானம் என்று புனித சின்னப்பர் எபேசியருக்கு எழுதினார். கிறிஸ்துவின் சமாதானம் சுவரை மறைக்க வெள்ளையடிப்பதல்ல, சுவரை எடுப்பது. எடுக்கும்போது தூசி பறக்கத்தான் செய்யும்.

நம் கோவிலுக்குள் சுவர் இல்லை. அதற்காக இறைவனுக்கு நன்றி. ஆனால் ஐம்பது ஆண்டுகளாக நம் தேர் எந்தத் தெருவோடு திரும்பி வந்துகொண்டிருக்கிறது? அதற்கு அப்பால் இருக்கும் தெருவில் வாழ்பவர்களும் இந்தக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் அல்லவா? கோவில் கட்டியபோது அவர்களும் கல் சுமந்தவர்கள் அல்லவா? பேரவையில் இந்தக் கேள்வி எழுந்தபோது எங்களுள் சிலரே, "விழா நேரத்தில் எதற்கு வம்பு? அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்றோம். இதை மறைக்க விரும்பவில்லை. அப்போது ஒரு தாய் எழுந்து, "ஐம்பது வருஷமாக அடுத்த ஆண்டு, அடுத்த ஆண்டு என்றுதானே சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் இல்லை. பங்குத் தந்தையின் தலைமையில் முடிவெடுத்தோம்: இந்தப் பொன்விழாவில் நம் பாதுகாவலரின் தேர் கடைசித் தெருவின் கடைசி வீடு வரை செல்லும். இதில் மனவருத்தம் உள்ளவர்கள் எங்களிடம் வாருங்கள். இல்லை, நாங்களே உங்களைத் தேடி வருவோம். இம்முறை ஏழு பேராக வரமாட்டோம்.

முடிவாக, இந்த வாரத்துக்குள் நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியவை சில உண்டு. நம்மோடு பேசாதவர் ஒருவர் பெயரை இரவு செபமாலையில் வாய்விட்டுச் சொல்லிச் செபிப்போம். பெயர் சொல்லிச் செபித்த மனிதனை வெகுநாள் பகைக்க முடியாது. ஒப்புரவு அருட்சாதனத்தில் அவர் செய்த குற்றத்தை விட்டுவிட்டு, நாம் செய்த குற்றத்தைச் சொல்வோம். வாங்கிய கடன் இருந்தால் திருப்பித் தருவோம், எல்லைக்கல் நகர்ந்திருந்தால் அதைப் பழைய இடத்தில் நடுவோம். நியாயம் செய்யாமல் நலம் விசாரிப்பது சமாதானம் அல்ல. அடிபட்டவரிடம் போய், "நீதான் பொறுத்துப்போக வேண்டும்" என்று புத்தி சொல்லாதிருப்போம். அடித்தவரிடம் முதலில் போவோம். பிறகு, ஒரு மாலை நேரத்தில், தனியாக, அந்த வாசலுக்கு நடப்போம். என்ன பேசுவது என்று கலங்க வேண்டாம். "சாப்பிட்டாயா?" என்பதும் நற்செய்தியாக முடியும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

கதவு திறக்காமலும் போகலாம். அப்போதும் நாம் நடந்தது வீண் அல்ல. கதவருகில் நின்று தட்டுகிறவராக நம் ஆண்டவரே இருக்கிறார். அவருக்கும் எத்தனை கதவுகள் திறக்கவில்லை! அவரோடு சேர்ந்து நின்றோம் என்ற ஆறுதல் நமக்குப் போதும்.

ஞாயிறன்று பொன்விழாத் திருப்பலியில் ஆயர் அவர்கள் சமாதான வாழ்த்துக்கு நம்மை அழைக்கும்போது, யாரும் இடத்தைவிட்டு நகர வேண்டிய தேவை இல்லாமல் போகட்டும். அதற்கு முன்பே நாம் நடந்து முடித்திருப்போம்.

நம்மைத் தேடி முதலில் நடந்து வந்த இறைவன் நம் கால்களுக்கு வலிமை தருவாராக. ஆமென்.